‘அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறாரு’னு நினைச்சோம்... அப்பாவுக்கு மணிக்கு 52 தடவை மூச்சு தடைபட்டது!

பொங்கல் லீவுக்கு வந்தவாசி போயிருந்தேன். ஹாலில் வரிசையாகப் பாய் விரித்து அப்பா, அம்மா, நான். ராத்திரி ஒன்றரை மணி இருக்கும். ரீல்ஸ் தள்ளிக்கொண்டே இருந்தவள், திடீரென்று வீடு அமைதியானதைக் கவனித்தேன். அதுவரை ரைஸ்மில் மாதிரி ஓடிக்கொண்டிருந்த அப்பாவின் குறட்டை நின்றிருந்தது. ‘அப்பாடா’ என்று புரண்டு படுக்கப் போனபோதுதான் பார்த்தேன். குறட்டையோடு சேர்ந்து மூச்சும் நின்றிருந்தது. நெஞ்சும் வயிறும் மட்டும் எதையோ இழுக்கப் போராடின. காற்று உள்ளே போகவில்லை.

எண்ண ஆரம்பித்தேன். இருபத்து மூன்றாவது விநாடியில், கிணற்றில் முங்கியவர் மேலே வந்த மாதிரி ஒரு பெரிய இழுப்பு. மறுபடி ரைஸ்மில். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி அமைதி.

போனில் ரெக்கார்டரை ஆன் செய்து அவர் தலைமாட்டில் வைத்தேன். காலையில் காபியோடு அதைப் போட்டுக் காட்டியபோது அப்பா கேட்ட கேள்வி, “யாரும்மா இது?”

அவருக்குத் தெரியவில்லை. தெரிய வாய்ப்பும் இல்லை. இந்த நோயின் பெரிய சிக்கலே அதுதான். நோய் ஒருவருக்கு, சாட்சி பக்கத்தில் படுத்திருப்பவருக்கு. 30 வருடமாக சாட்சியாக இருந்த அம்மாவோ, “உங்கப்பாவுக்கு என்னடி, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவாரு. படுத்தா குறட்டைதான். குடுத்து வெச்சவரு” என்றே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நம் ஊரில் குறட்டை என்றால் ஒன்று காமெடி, இல்லையென்றால் நிம்மதியின் அடையாளம். ‘மெத்தையில படுத்தும் எனக்குத் தூக்கம் வரல, அவரு வெறும் பாயில குறட்டை விடுறாரு’ என்று பொறாமைகூடப் படுவோம். வந்தவாசிக்காரர்களுக்கு இதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஊரே கோரைப்பாய்க்குப் பெயர் போனது. ‘எங்க ஊர்ப் பாயில படுத்தா தூக்கம் தானா வரும்’ என்று சொல்லித்தான் விற்போம். அந்தப் பாயைக் கட்டுக்கட்டாக லோடு வண்டியில் ஏற்றி, ராத்திரி கிளம்பி விடியற்காலையில் சென்னை கடைகளில் இறக்குவதுதான் அப்பாவின் தொழில்.

இப்போது புரிகிறதா, நான் ஏன் பயந்தேன் என்று? போன தீபாவளி சமயம் மேல்மருவத்தூர் தாண்டி வண்டி சாலையை விட்டு இறங்கி, மண்ணில் நின்றது. ஆளுக்கும் ஒன்றும் ஆகவில்லை, வண்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை. “கண்ணு அசந்துடுச்சு, தூக்கம் பத்தல” என்றார். ஆனால், முந்தின நாள் பகல் முழுக்க ஏழு மணி நேரம் தூங்கிவிட்டுத்தான் கிளம்பியிருந்தார்.

தொண்டைக்குள் என்ன நடக்கிறது?

இதன் பெயர் ‘அப்ஸ்ட்ரக்டிவ் ஸ்லீப் ஆப்னியா’. ஆப்னியா என்றால் கிரேக்க மொழியில் மூச்சின்மை. தூக்கத்தில் உடம்பின் தசைகள் எல்லாம் தளரும். கை, கால் போலவே நாக்கும், அண்ணத்தின் பின்பகுதியும், தொண்டையின் சுற்றுச்சுவரும் தளரும். தொண்டைக்கு மூக்கு மாதிரி எலும்பு கிடையாது. மூச்சுக்குழாய் மாதிரி குருத்தெலும்பு வளையமும் கிடையாது. வெறும் தசைதான் அதைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த இடம் ஏற்கெனவே குறுகலாக இருந்தால், தளர்ந்த தசை காற்று போகும் வழியில் சரியும். பாதி அடைத்தால் காற்று உரசி வரும் சத்தம்தான் குறட்டை. முழுசாக அடைத்தால் சத்தமே இருக்காது.

ஜூஸ் குடிக்கும்போது ஸ்ட்ராவை உறிஞ்ச உறிஞ்ச அது ஒட்டிக்கொள்ளுமே, அதேதான். நெஞ்சு எவ்வளவு பலமாக இழுக்கிறதோ, அவ்வளவு இறுக்கமாகத் தொண்டை ஒட்டிக்கொள்ளும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கும். மூளை ‘ஆபத்து’ என்று மணி அடித்து, ஆளை ஓரிரு விநாடிகள் எழுப்பும். தசை இறுகும், வழி திறக்கும், ஒரு பெரிய இழுப்பு. பிறகு மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. இந்த விழிப்புகள் அத்தனை குட்டியானவை என்பதால், காலையில் ஒன்றுகூட நினைவில் இருக்காது. எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும், ஆழ்ந்த தூக்கம் அரை மணி நேரம்கூடத் தேறாமல் போகலாம்.

பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால், அது ஒரு ஆப்னியா. முழுசாக நிற்காமல் காற்று கணிசமாகக் குறைந்து, கூடவே ஆக்ஸிஜன் இறங்கினாலோ மூளை விழித்தாலோ அது ‘ஹைபாப்னியா’. இரண்டையும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு எத்தனை என்று எண்ணுவதுதான் ஏஹெச்ஐ என்கிற கணக்கு. 5-க்குக் கீழே இருந்தால் பெரியவர்களுக்குப் பிரச்னை இல்லை. 5 முதல் 15 வரை லேசு, 15 முதல் 30 வரை மிதமானது, 30-ஐத் தாண்டினால் தீவிரம்.

(மூளையே ‘மூச்சு விடு’ என்று கட்டளை அனுப்ப மறக்கும் இன்னொரு வகையும் உண்டு. ‘சென்ட்ரல்’ வகை என்பார்கள். அது குறைவு, அதன் சிகிச்சையும் வேறு. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது அல்ல.)

மூன்று மாத்திரை... ஒரு கேள்வி இல்லை

அப்பாவுக்கு பி.பி. இருப்பது ஆறு வருடமாகத் தெரியும். முதலில் ஒரு மாத்திரை. பிறகு இரண்டு. கடைசியில் மூன்று வகை மாத்திரை போட்டும் 150-க்குக் கீழே இறங்கவில்லை. “உப்பைக் குறைங்க”, “டென்ஷன் ஆகாதீங்க” என்று பார்த்த டாக்டர்கள் எல்லோரும் சொன்னார்கள். “ராத்திரி எப்படித் தூங்குறீங்க?” என்று ஒருவரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. குறட்டையை டாக்டரிடம் போய்ச் சொல்வார்களா என்ன!

இத்தனைக்கும் பல மாத்திரைகளுக்கும் அடங்காத பி.பி.யின் பின்னால் அடிக்கடி ஒளிந்திருக்கும் காரணங்களில் ஸ்லீப் ஆப்னியா முக்கியமானது. ஒவ்வொரு தடவை மூச்சு அடைத்துத் திறக்கும்போதும் உடம்பு அட்ரினலினைக் கொட்டுகிறது. ராத்திரி இறங்க வேண்டிய ரத்த அழுத்தம் ராத்திரி முழுக்க எகிறுகிறது. பகலிலும் அது முழுசாக இறங்குவதில்லை.

இன்னொரு அறிகுறி இன்னும் விநோதமானது. ராத்திரியில் நாலைந்து தடவை சிறுநீர் கழிக்க எழுவது. “சுகராத்தான் இருக்கும்” என்று அப்பா மூன்று தடவை சர்க்கரை டெஸ்ட் எடுத்தார், நார்மல். விஷயம் இதுதான். அடைத்த தொண்டைக்கு எதிராக நெஞ்சு இழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் மாறி, இதயத்தின் மேல் அறைகள் விரிகின்றன. ‘உடம்பில் தண்ணீர் அதிகமாகிவிட்டது’ என்று தப்பாகப் புரிந்துகொள்ளும் இதயம், சிறுநீரைக் கூட்டச் சொல்லி ஒரு ஹார்மோனை அனுப்புகிறது. மூச்சுக்குழப்பம் கடைசியில் பாத்ரூமில் வந்து நிற்கிறது!

காலையில் எழுந்ததும் தலைவலி, வாய் வறண்டு போவது, காரணமே இல்லாத எரிச்சல், மறதி, மதியம் டி.வி முன்னால் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் தலை தொங்குவது... இதெல்லாம் அதே கூட்டம்தான். தனித்தனியாகப் பார்த்தால் ‘வயசாச்சு’ என்று தோன்றும்.

எத்தனை பேருக்கு இருக்கும்? இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பெரியவர்களில் 11 சதவிகிதம். உழைக்கும் வயதில் இருப்பவர்களில் மட்டும் சுமார் 10 கோடியே 40 லட்சம் பேர். அதில் மிதமானது, தீவிரமானது மட்டும் 4 கோடியே 70 லட்சம். பெரும்பாலானோர் டெஸ்ட் பக்கமே போனதில்லை. 2022 பிப்ரவரியில் ‘டிஸ்கோ டான்ஸர்’ புகழ் இசையமைப்பாளர் பப்பி லஹிரி 69 வயதில் இறந்தபோது, அவருக்கு சிகிச்சை கொடுத்த மருத்துவர் சொன்ன காரணத்தில் இந்தப் பெயர் இருந்தது. பல பேர் அன்றைக்குத்தான் முதன்முறையாக இதைக் கூகுள் செய்தார்கள். ஒரு வாரத்தில் மறந்தும்போனார்கள்.

“நான் ஒல்லிதானே?”

குண்டான, கழுத்து தடித்த, நடுத்தர வயது ஆண். இதுதான் பாடப்புத்தகப் படம். கழுத்தில் சேரும் கொழுப்பு தொண்டையை நெருக்கும் என்பதால் எடை பெரிய காரணம் என்பது உண்மை. ஆனால், அதை மட்டும் வைத்து ‘எனக்கு வராது’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கீழ்த்தாடை சின்னதாகவோ பின்னால் தள்ளியோ இருந்தால், ஒல்லியானவருக்கும் தொண்டை குறுகலாகத்தான் இருக்கும். ஆசிய முகவாகு உள்ளவர்களுக்கு மேற்கத்தியர்களைவிடக் குறைந்த எடையிலேயே இது வருகிறது என்கிறது மருத்துவ உலகம்.

பெண்கள் விஷயம் தனி. மெனோபாஸுக்குப் பிறகு ஆபத்து கூடுகிறது. பி.சி.ஓ.எஸ் உள்ள இளம்பெண்களுக்கும் கூடுதல்தான். ஆனால், பெண்களிடம் இது பெரிய குறட்டையாக வெளிப்படாமல் அசதி, தூக்கமின்மை, மனச்சோர்வு என்றே பல நேரம் வெளிப்படும். “ரெண்டு நாள் ரெஸ்ட் எடும்மா” என்று சத்து டானிக்கோடு அனுப்பிவிடுவார்கள். இன்னொன்றும் இருக்கிறது. கணவரின் குறட்டைக்கு மனைவி சாட்சி. மனைவியின் குறட்டைக்கு யார் சாட்சி? அவர் முன்னாலேயே தூங்கிவிடுகிறாரே!

குழந்தைகளுக்கும் வரும். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டும், டான்சிலும் வீங்கியிருப்பதுதான் அவர்களுக்குப் பெரும்பாலும் காரணம். வாயைத் திறந்துகொண்டே தூங்குவது, குறட்டை, வகுப்பில் கவனமின்மை, துறுதுறுவென்று ஓர் இடத்தில் நிற்காமை ஆகியவை அறிகுறிகள். பெரியவர்கள் தூங்கி வழிவார்கள், குழந்தைகளோ அதற்கு நேர்மாறாக ஆடித் தீர்ப்பார்கள். காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் காட்டினால் வழி கிடைக்கும்.

உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ சந்தேகம் இருந்தால், டொரன்டோவில் உருவாக்கிய ‘ஸ்டாப்-பேங்’ என்ற எட்டுக் கேள்விகளை உலகம் முழுக்க டாக்டர்கள் பயன்படுத்துகிறார்கள். மூடிய கதவுக்கு வெளியே கேட்கும் அளவு குறட்டையா? பகலில் அசதியா? தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா? பி.பி. உண்டா? அதிக எடையா? வயது 50-க்கு மேலா? கழுத்து சுற்றளவு சுமார் 40 சென்டிமீட்டருக்கு மேலா? ஆணா? மூன்றுக்கு ‘ஆமாம்’ என்றால் டாக்டரைப் பாருங்கள். ஐந்துக்கு மேல் என்றால் உடனே பாருங்கள். அப்பாவுக்கு ஆறு.

தலை முழுக்க ஒயர்

வந்தவாசியில் இருந்து ஆரணி வழியாக வேலூருக்கு பஸ் ஏறினோம். அப்பா வழியெல்லாம் புலம்பல். “குறட்டைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு கடைத்தெருவுல தெரிஞ்சா சிரிப்பாங்க.” நுரையீரல் டாக்டரம்மா நான் ரெக்கார்டு செய்ததை முழுசாகக் கேட்டார். தொண்டையைப் பார்த்தார். கழுத்தை டேப் வைத்து அளந்தார். பிறகு அப்பாவை விட்டுவிட்டு அம்மா பக்கம் திரும்பி, “நீங்க சொல்லுங்கம்மா, ராத்திரி என்ன நடக்குது?” என்றார். 30 வருடத்தில் அம்மாவிடம் அந்தக் கேள்வியை முதன்முறையாக ஒருவர் கேட்டார். அம்மா பேசிய பேச்சில் எனக்கே தெரியாதது நிறைய இருந்தது. மூச்சு நின்றால் தோளைத் தட்டிப் புரட்டி விடுவாராம். அதற்காகவே அரைத் தூக்கத்தில் இருப்பாராம். ‘குடுத்து வெச்சவரு’ என்று சொன்னது எல்லாம் வெளியே சொல்லும் கதை.

டெஸ்ட்டின் பெயர் பாலிசோம்னோகிராபி. ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியிலேயே தூங்க வேண்டும். மூளை அலைக்குத் தலையில் சில ஒயர்கள், கண்ணோரம் இரண்டு, தாடையில், காலில், நெஞ்சில் இ.சி.ஜி., மார்பிலும் வயிற்றிலும் பெல்ட், மூக்கில் காற்றை அளக்க ஒரு சின்ன குழாய், விரலில் ஆக்ஸிஜன் பார்க்கும் கிளிப், மேலே கேமரா. தலையில் ஒட்டும் பசை மட்டும் மறுநாள் ரெண்டு தடவை சீயக்காய் போட்டால்தான் போகும். ஊசி இல்லை, வலி இல்லை. “இவ்ளோ ஒயரோட எவன் தூங்குவான்?” என்றவர், பத்தே நிமிடத்தில் ரைஸ்மில்லை ஆரம்பித்தார்.

போவதற்கு முன் சில விஷயங்கள். அன்று மதியத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம். பகல் தூக்கம் போடாதீர்கள். தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், ஒயர் ஒட்டாது. வழக்கமான மாத்திரைகளைப் பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். லுங்கியோ நைட்டியோ, வீட்டில் எதில் தூங்குவீர்களோ அதையே எடுத்துப் போங்கள்.

ஆஸ்பத்திரியில் தங்க முடியாதவர்களுக்கு வீட்டிலேயே செய்யும் டெஸ்ட்டும் இருக்கிறது. மூக்குக் குழாய், நெஞ்சு பெல்ட், விரல் கிளிப் மட்டும். மூளை அலை இருக்காது என்பதால் எவ்வளவு நேரம் உண்மையில் தூங்கினார் என்று அதற்குத் தெரியாது. அதனால் சில நேரம் நோயைக் குறைத்துக் காட்டும். அறிகுறி பலமாக இருந்து வேறு பெரிய நோய் இல்லாதவர்களுக்கு அது போதும். வீட்டு டெஸ்ட் ‘நார்மல்’ என்று வந்தும் அறிகுறி தொடர்ந்தால் லேப் டெஸ்ட்டைக் கேட்டு வாங்குங்கள். கட்டணம் இடத்துக்கு இடம் மாறுகிறது. எனவே, நாலு இடத்தில் போன் போட்டு விசாரிப்பது நல்லது.

அப்பாவின் ரிப்போர்ட்: ஏஹெச்ஐ 52. அதிகபட்ச அடைப்பு 61 விநாடி. ஆக்ஸிஜன் இறங்கிய ஆழம் 71 சதவிகிதம். கொரோனா காலத்தில் விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டி 94 வந்தாலே நாம் எப்படிப் பதறினோம்? அப்பா தினமும் ராத்திரி 71-க்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தார்.

“டிரைவிங்கை நிறுத்துங்க ஐயா. ட்ரீட்மென்ட் செட் ஆகுற வரைக்கும்” என்றார் டாக்டரம்மா. அதுதான் அப்பாவுக்கு ரிப்போர்ட்டைவிடப் பெரிய அடி. ஸ்லீப் ஆப்னியா உள்ள ஓட்டுநர்களுக்கு விபத்து ஆபத்து மற்றவர்களைப் போல் சுமார் இரண்டரை மடங்கு என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. ஆனால், வண்டி ஓடினால்தான் வருமானம் என்கிற வீட்டில் இதைச் சொல்வது சுலபம், செய்வது அப்படி இல்லை. சித்தப்பா பையன் ஒரு மாதம் வண்டி ஓட்டினான். வந்த வாடகையில் பாதி அவனுக்குப் போனது.

வேக்குவம் க்ளீனரில் பிறந்த மெஷின்

1980 வரைக்கும் தீவிர ஸ்லீப் ஆப்னியாவுக்கு இருந்த முக்கியமான சிகிச்சை, கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைப்பது. அந்த வருடம் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவரிடம் வந்த ஒரு நோயாளி, அந்த ஆபரேஷனுக்கு மறுத்துவிட்டார். ‘வெளியில் இருந்து காற்றை அழுத்தித் தொண்டையைத் திறந்தே வைத்தால் என்ன?’ என்று யோசித்த சல்லிவன், வேக்குவம் க்ளீனர் மோட்டாரை வைத்து ஒரு மெஷினைத் தட்டிக் கூட்டினார். உறிஞ்சுகிற மோட்டாரை ஊத வைத்தார், அவ்வளவுதான். அந்த ஆள் ராத்திரி முழுக்கத் தடையில்லாமல் தூங்கினார். 1981-ல் ‘லான்செட்’ இதழில் வந்த அந்த ஐடியாதான் இன்றைய சிபாப் மெஷின்.

பலரும் நினைப்பது போல இது ஆக்ஸிஜன் சிலிண்டரோ வென்டிலேட்டரோ இல்லை. அறையில் இருக்கும் சாதாரண காற்றை லேசான அழுத்தத்தில் மூக்கு வழியாக அனுப்புகிறது. பலூனுக்குள் காற்று இருக்கும்வரை அது சுருங்காது இல்லையா, அதுபோலத் தொண்டையும் ஒட்டாது. ‘ஆட்டோ’ மாடல்கள் தேவைக்கு ஏற்ப அழுத்தத்தைத் தாங்களே கூட்டிக் குறைக்கும். நோயைக் குணமாக்காது, மாட்டியிருக்கும் வரை அடைப்பு வராது. கண்ணாடி மாதிரி. கழற்றினால் பழைய கதைதான்.

விளம்பரத்தில் வெள்ளைக்காரத் தாத்தா சிரித்துக்கொண்டே மாஸ்க்கோடு தூங்குவார். நிஜத்தில் முதல் மூன்று வாரம் எங்கள் வீடு ரணகளம். முதல் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா மாஸ்க்கைக் கழற்றி எறிந்திருந்தார், தூக்கத்திலேயே. “மூஞ்சியில யாரோ ஊதுற மாதிரியே இருக்கு.” மீசைப் பக்கம் காற்று கசிந்து கண்ணில் அடித்தது. மாஸ்க்கில் மூன்று வகை இருக்கிறது. மூக்குத் துவாரத்தில் பொருந்துவது, மூக்கை மட்டும் மூடுவது, மூக்கும் வாயும் சேர்த்து மூடுவது. மீசைக்காரர்களுக்கு முதல் வகை பெரும்பாலும் ஒத்துவரும். அதை மாற்றிய பிறகுதான் அப்பாவுக்கு மெஷின்மீது கோபம் குறைந்தது. பத்தில் எட்டுப் பிரச்னை மாஸ்க்கில்தான் இருக்கும் என்பது என் அனுபவம். மெஷினை மூட்டை கட்டும் முன் மாஸ்க்கை மாற்றிப் பாருங்கள். பகலில் டி.வி பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிப் பழகுவதும் உதவியது.

அடுத்த பிரச்னை பாய். காற்று வறண்டு போகாமல் இருக்க மெஷினில் தண்ணீர்த் தொட்டி உண்டு. சூடான ஈரக்காற்று குழாயில் குளிர்ந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீராகும். மெஷின் தலையைவிடத் தாழ்வாக இருந்தால் அந்தத் தண்ணீர் மெஷின் பக்கம் திரும்பிவிடும். உயரமாக இருந்தால் நேராக மூக்குக்கு வரும். தரையில் பாய் போட்டுப் படுப்பவர், மெஷினை அதற்கும் கீழே எங்கே வைப்பது? தரையிலேயே வைத்தால் தூசி முழுக்க ஃபில்டருக்குள். ஒரு ராத்திரி மூக்கில் தண்ணீர் ஏறி அப்பா எழுந்து உட்கார்ந்தார். கடைசியில் கட்டில் வாங்கினோம். ஊருக்கெல்லாம் பாய் ஏற்றிப்போகிறவர் இப்போது கட்டிலில் படுக்கிறார். பக்கத்தில் குட்டை ஸ்டூலில் மெஷின். கட்டில்மேல் மெத்தை வேண்டாம், பாய்தான் வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

கரன்ட் போனால்? மெஷின் நிற்கும், ஆனால் மூச்சு முட்டாது. மாஸ்க்கில் வெளிக்காற்றுக்கு வழி இருக்கிறது, ஆளும் விழித்துக்கொள்வார். இன்வெர்ட்டரில் ஓடும். ஈரப்பதத்துக்கான ஹீட்டரை அணைத்தால் பேட்டரி ரொம்ப நேரம் தாங்கும். தொட்டியில் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்ற வேண்டும். எங்கள் ஊர் போர் தண்ணீர் ஊற்றினால் ஒரே வாரத்தில் உப்புப் படியும். மாஸ்க்கைத் தினமும் லேசான சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். ராத்திரிக்கு நாலு மணி நேரமாவது, வாரத்தில் ஐந்து நாளாவது மாட்டினால்தான் பயன்படுத்துவதாகவே கணக்கு. மெஷினே எல்லாவற்றையும் பதிவு செய்து வைத்துக்கொள்ளும். “மாட்டினேன் டாக்டர்” என்று புளுக முடியாது!

காசு? எங்களுக்கு மெஷின், மாஸ்க் எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்தைத் தாண்டியது. சீட்டுப் பணம் எடுத்தோம். வீட்டில் பயன்படுத்தும் மெஷினுக்குப் பல ஹெல்த் இன்ஷூரன்ஸ் பாலிசிகள் பணம் தராது. வாங்கும் முன் உங்கள் பாலிசியைப் படித்துவிடுங்கள். ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு வாங்குவது புத்திசாலித்தனம். செகண்ட் ஹேண்ட் மெஷின்கள் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும். ஆனால், 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் உள்ளே இருந்த ஃபோம் சிதைந்து துகள்கள் மூச்சில் போகும் அபாயத்தால், உலகம் முழுக்கப் பல மாடல்களைத் திரும்பப் பெற்றது. பழைய மெஷின் வாங்கினால் மாடல் நம்பரைச் சரிபார்க்காமல் தொடாதீர்கள்.

எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் எங்கள் தெருவுக்கே வந்து பி.பி. பார்த்து மாத்திரை தருகிறார்கள். நல்ல விஷயம். அந்த அக்காக்கள் கையில் இருக்கும் தாளில் ‘தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா?’ என்று ஒரு வரி சேர்த்து, அதை வீட்டுக்காரம்மாவிடமும் கேட்டால் எத்தனை அப்பாக்கள் வெளியே வருவார்கள்!

வாயில் டேப் ஒட்டாதீர்கள், ப்ளீஸ்

எல்லோருக்கும் மெஷின்தான் என்றில்லை. லேசான வகைக்குப் பல் டாக்டர் செய்துதரும், கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் கிளிப் உதவும். மல்லாக்கப் படுக்கும்போது மட்டும் வருபவர்களுக்கு, ஒருக்களித்துப் படுப்பதே பாதி வைத்தியம். எடை குறைந்தால் நோயும் குறையும். அமெரிக்காவின் எஃப்டிஏ 2024 டிசம்பரில், உடல் பருமனோடு வரும் மிதமான, தீவிரமான ஸ்லீப் ஆப்னியாவுக்கு டிர்செபடைட் என்ற ஊசியை அனுமதித்தது. ‘மவுஞ்சாரோ’ என்று 2025-ல் இந்தியாவுக்கு வந்திருப்பது அதே மருந்துதான். டாக்டர் இல்லாமல் ஃப்ரெண்ட் சொன்னார் என்று போட்டுக்கொள்ளும் சரக்கு இல்லை அது.

சரக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. படுக்கும் முன் மது, டாக்டர் சொல்லாத தூக்க மாத்திரை இரண்டும் இதில் விஷம். தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தி, விழிக்க வேண்டிய மூளையை மந்தமாக்கும். ரீல்ஸில் அழகான அண்ணன்கள் வாயில் டேப் ஒட்டிக்கொண்டு ‘குறட்டைக்கு குட்பை’ சொல்கிறார்கள். மூக்கு அடைத்தவருக்கு, ஆப்னியா உள்ளவருக்கு இருக்கும் ஒரே வழியையும் அடைக்கும் வேலை அது. மூக்கில் மாட்டும் காந்தக் கிளிப் அந்த அளவு ஆபத்து இல்லை, காசுதான் தண்டம். 2024-ல் ஆப்பிள், சாம்சங் வாட்ச்களில் ஸ்லீப் ஆப்னியா எச்சரிக்கை வசதிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது ‘டாக்டரிடம் போ’ என்று மட்டும் சொல்லும். ஒன்றும் சொல்லவில்லை என்பதால் ஒன்றும் இல்லை என்று அர்த்தமாகாது.

ஐந்தாவது வாரம் டாக்டரம்மா மெஷினின் கணக்கைப் பார்த்தார். ஏஹெச்ஐ 52-ல் இருந்து 3. ராத்திரி பாத்ரூம் ஒரு தடவை. பி.பி. மாத்திரை மூன்றில் ஒன்றை அவரே நிறுத்தினார். வண்டி ஓட்ட அனுமதி கிடைத்தது. ராத்திரி லோடு வேண்டாம், பகல் லோடு மட்டும் என்று அப்பாவே முடிவெடுத்தார். அம்மாதான் பாவம். குறட்டை நின்ற முதல் வாரம் அவருக்குத் தூக்கமே இல்லை. சத்தம் கேட்காததால் ராத்திரி நாலு தடவை எழுந்து, மூக்கருகே கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் அப்பா போன் செய்தார். கூட லோடு அடிக்கும் இன்னொரு டிரைவர் அண்ணன், டீக்கடை பெஞ்சில் டம்ளரைப் பிடித்தபடியே தூங்கிவிட்டாராம். “அவன்கிட்ட கேட்டேன் பாப்பா. நல்லாத்தான் தூங்குறேன்றான். ‘உன்னை யாருடா கேட்டா, வீட்ல கேளு’ன்னு சொல்லிட்டு வந்தேன்.”

மறுநாள் காலை, அப்பாவிடம் இருந்து வாட்ஸ்அப்பில் ஓர் ஆடியோ ஃபார்வர்டு வந்தது. அந்த அண்ணனின் மனைவி அனுப்பியது. நாலு நிமிடம், பன்னிரண்டு விநாடி. ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். ஒரு நிமிடம் குறட்டை. பிறகு அமைதி.

ஒன்று... இரண்டு... மூன்று...